கார் குத்தகை முடியும்போது: தீவில் இருப்போர் போட வேண்டிய கணக்கு

மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் காரைக் குத்தகைக்கு எடுத்த வாடிக்கையாளர்கள், காலம் முடியும் தறுவாயில் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: வண்டியை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா? எஞ்சு மதிப்பைச் செலுத்தி வாங்குதல், ஒப்படைத்தல், குத்தகையை நீட்டித்தல் என ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். மெயின்லேண்ட் என்று தீவினர் அழைக்கும் பெருநிலத்தில் சரியாக அமையும் விடை, அந்தமானில் தவறாகிவிடக்கூடும்.

எஞ்சு மதிப்பு என்பது ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே குறிக்கப்பட்ட தொகை. இன்றைய சந்தையை அது அறியாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. முன்பிருந்த செஸ் வரியும் நீங்கியது. புதிய வண்டியின் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கும். ஆகவே அந்த நாளுக்கு முன் செய்த ஒப்பந்தத்தின் எஞ்சு மதிப்பை அப்படியே ஏற்க வேண்டாம். அதே ஆண்டு, அதே வகைக் கார் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது முன்னாள் போர்ட் பிளேரில், இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரியுங்கள். சென்னை விலை இங்கே பயன்படாது.

ஓர் எடுத்துக்காட்டு. எஞ்சு மதிப்பு 3,20,000 ரூபாய். உள்ளூர் விலை 3,50,000 ரூபாய் எனக் கொள்வோம். 30,000 ரூபாய் ஆதாயம் என்று தோன்றும். ஆனால் மெக்கானிக் அடிப்பாகத்தைப் பார்த்து, துருநீக்கத்துக்கும் டயர்களுக்கும் 45,000 ரூபாய் ஆகும் என்கிறார். அடக்கம் 3,65,000 ரூபாய். ஆதாயம் போய் 15,000 ரூபாய் நட்டம். அப்படியானால் திருப்பிக் கொடுப்பதே மேல் அல்லவா? நிறுவனம் நகரிலேயே வண்டியைப் பெற்றுக்கொண்டு எந்தப் பிடித்தமும் செய்யாவிட்டால், ஆம். சென்னையில்தான் ஒப்படைக்க வேண்டும் என ஒப்பந்தம் சொன்னால், சுமார் 1,200 கிலோமீட்டர் கடல்வழிக்கான கப்பல் கட்டணமும் துருவுக்கான பிடித்தமும் யார் தலையில் விழும்? அவை சேர்ந்து 40,000 ரூபாய் ஆனால், 15,000 ரூபாய் நட்டத்தில் வாங்குவதே சிக்கனம். திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர்.

கிலோமீட்டர் வரம்பைப் பற்றித் தீவினர் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. நகருக்குள் ஓடும் வண்டி அதைத் தாண்டுவது அரிது. உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமுமே இங்கே வண்டியைத் தின்கின்றன. ‘இயல்பான தேய்மானம்’ என்ற சொல்லுக்குள் துரு அடங்குமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குத்தகை முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கேட்பது நல்லது. கப்பலில் இடம் கிடைப்பதும் உடனடியாக நடக்கும் காரியம் அன்று.

வாங்குவது என முடிவு செய்தால் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அது உங்கள் பெயரில் இருந்து, குத்தகைக் குறிப்பு மட்டும் இருந்தால், நிறுவனத்தின் ஒப்புதலுடன் படிவம் 35 கொடுத்து அதை நீக்கலாம். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். உரிமை மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் மாற்றக் கோர வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் வந்த வண்டி இங்கே 12 மாதங்களுக்கு மேல் நின்றால் புதிய பதிவெண் பெறுவது சட்டப்படி கட்டாயம். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கவும். பழைய காருக்கான கடனுக்குப் பொதுவாகப் புதிய காருக்கானதைவிட வட்டி கூடுதல் என்பதால், கையில் சேமிப்பு இருப்பவர்கள் கடன் தொகையைக் குறைத்துக்கொள்வதே நாங்கள் கூறும் யோசனை.

ஒப்படைப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, குத்தகை வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே உரிமையாளராகக் கருதுகிறது. எனவே சாவியைக் கொடுக்கும்போதே நாள், நேரம், ஓடிய கிலோமீட்டர், வண்டியின் நிலை ஆகியவை குறிக்கப்பட்ட ரசீதைக் கையொப்பத்துடன் பெற்று, புகைப்படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் முகவரிடம் ஒப்படைத்தாலும் அவ்வாறே.