ஆடுகளம் திரும்பிய இருவர்

மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, இவ்விரண்டுக்கும் நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் செழித்து விளங்குவது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் அணை எழுந்து, மலைக்கு அப்பால் ஓடிய ஆறு இப்பக்கம் திரும்பியது. அந்நாள் தொட்டுக் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள வயல்கள் இருபோகம் விளைகின்றன. இரண்டாம் போகம் அறுவடையாகி, வைக்கோல் படப்பில் ஏறியபின், தாள் காய்ந்த வயல்கள் சில மாதங்கள் ஓய்ந்து கிடக்கும். அவ்வோய்வு உழவருக்குத்தான், சிறுவருக்கு அன்று. கதிரவன் மலைக்குப் பின்னே சாய்ந்ததும், ஒரு வயலில் சடுகுடு, அடுத்த வயலில் கிரிக்கெட்டு என ஊர்ப்புறம் எங்கும் ஆரவாரம் எழும்.

இத்தகைய களங்களில் எப்போதேனும் ஒருநாள் அவ்வாரவாரம் சட்டென்று அடங்கிவிடுவதும் உண்டு. ஊரிலேயே சிறந்த ஆட்டக்காரன் ஒருவன் சடுகுடு பாடிச் செல்கிறான் எனக் கொள்வோம். எதிரணியில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, அவன் பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழன்றுவிடுகிறது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்தாற்போல ஓர் ஒலி கேட்கிறது. அவன் கீழே விழுகிறான். தோழர் அவனை வரப்பின்மேல் அமர்த்துகின்றனர். ஒருவன் தண்ணீர் கொண்டு வருகிறான். ஒருவன் காலை நீவிவிட முயல்கிறான். வலியைக் காட்டிலும் அவனை வாட்டுவது வேறொன்று. “இனி நான் ஆட முடியுமா?” என்பதே அவன் கேட்கும் முதற்கேள்வி.

இக்கேள்வி வயல்வெளிக்கு மட்டும் உரியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியக் கிரிக்கெட்டு அணியினர் இருவரைக் குறித்து, ஓராண்டுக்குள் அடுத்தடுத்து இதே கேள்வி எழுந்தது. அவ்விருவர் வாழ்க்கையிலும் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. ஒருவர் தம் ஆற்றலைச் சென்னையில் நிலைநாட்டினார். மற்றவர் தம் சிகிச்சையை வேலூரில் பெற்றார்.

முதல்வர் மன்சூர் அலிகான் பட்டோடி. இவர் 1941ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் போபாலில் பிறந்தவர். இவருடைய தந்தையார் இப்திகார் அலிகான், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் கிரிக்கெட்டு ஆடிய பெருமை உடையவர். மகனுக்குப் பதினோராம் வயது நிறைந்த அன்றே அவர் போலோ ஆட்டத்தின்போது உயிர் நீத்தார். மகன் இங்கிலாந்தில் பயின்றார். பதினாறாம் வயதிலேயே சசெக்ஸ் மாவட்ட அணியில் இடம் பெற்றார். 1961இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணிக்குத் தலைவரானார். இந்தியர் ஒருவர் அத்தலைமையை ஏற்றது அதுவே முதல் முறை. அவருக்கு அப்போது வயது இருபதே.

அவ்வாண்டு சூலை 1ஆம் நாள், ஹோவ் நகரில் ஆட்டம் முடிந்த மாலைப்பொழுதில், நண்பர் சிலருடன் உணவு உண்டு திரும்பினார். விடுதி அண்மையில்தான் இருந்தது. சிலர் நடந்தே செல்ல எண்ணினர். பட்டோடி காரின் முன்னிருக்கையில் அமர்ந்தார். எதிரே வந்த பெரிய கார் ஒன்று மோதியது. முன்கண்ணாடி உடைந்து, அதன் சில்லு ஒன்று அவருடைய வலக்கண்ணில் தைத்தது. அறுவை மருத்துவம் நடந்தது. ஆயினும் அக்கண்ணின் பார்வையை மீட்க இயலவில்லை. நடந்தே போயிருந்தால் என்று எண்ணாதவர் யார்?

ஒரு கண் போனால் பாதிப் பார்வை போயிற்று என்பர். மட்டை பிடிப்பவனுக்கு இழப்பு அதனினும் பெரிது. இரு கண்களும் ஒரு பொருளைச் சிறிது வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக்கிப் பொருளின் தொலைவை அளக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்வோர், இவ்வுண்மையை நொடிப்பொழுதில் உணர்வர். ஊசி அசையாமல் நிற்கும்போதே இந்நிலை. விரைவுப் பந்து வீச்சாளர் எறியும் பந்தோ, ஏறத்தாழ அரை நொடியில் மட்டையாளரை எட்டுகிறது. அது எங்கே விழும், எவ்வளவு எழும் என்பதை அதற்குள் கணித்தாக வேண்டும்.

பட்டோடிக்குக் குவளையில் நீர் ஊற்றுவதே முதலில் கடினமாயிற்று. கூசாவைச் சாய்த்தால் நீர் குவளையில் விழாமல் மேசையில் விழுந்தது. ஆயினும் சில வாரங்களில் மட்டையைக் கையில் எடுத்துப் பயிற்சிக்குச் சென்றார். பார்த்தவர் இரங்கினரோ நகைத்தனரோ, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எந்தப் பந்தை விட்டுவிட வேண்டும், எந்த அடியை இனி மறந்துவிட வேண்டும் என்று ஆராய்ந்து பார்த்தார்.

அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. ஐதராபாத்தில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் பட்டோடி அவ்வணியை எதிர்த்து ஆடினார். வலக்கண்ணில் ஒட்டுவில்லை ஒன்றை அணிந்திருந்தார். அதனால் விளைந்தது வேடிக்கையான ஒரு தொல்லை. வீசப்பட்ட பந்து ஒன்று. அவர் கண்ணுக்குத் தெரிந்தவையோ இரண்டு! அவை சில அங்குல இடைவெளியில் பக்கத்திற்பக்கமாக வந்தன. உடலை ஒட்டி வருவதே மெய்யான பந்து எனக் கொண்டு அதனை அடித்தார். இம்முறையிலேயே தேநீர் இடைவேளை வரை முப்பத்தைந்து ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் வில்லையைக் கழற்றிவிட்டு, வலக்கண்ணை மூடிக்கொண்டு ஆடி, எழுபது ஓட்டங்கள் சேர்த்தார். அன்றுமுதல் தொப்பியை வலக்கண்ணின்மேல் சாய்த்து அணிந்து ஆடுவது அவர் வழக்கமாயிற்று. அழகுக்காக அவ்வாறு அணிகிறார் என்று எண்ணியோர் பலர்.

1961 திசம்பரில் தில்லியில் நடந்த டெஸ்டு ஆட்டத்தில் இந்திய அணியில் இடம் பெற்றார். அடுத்துக் கல்கத்தாவில் அறுபத்து நான்கு ஓட்டங்கள் எடுத்தார், இந்தியா வென்றது. ஐந்தாம் ஆட்டம் 1962 சனவரி 10ஆம் நாள் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் தொடங்கியது. கண்ணை இழந்து ஆறு மாதங்களும் சில நாள்களுமே சென்றிருந்தன. அங்கே பட்டோடி 103 ஓட்டங்கள் எடுத்தார். தற்காத்து ஒதுங்கி எடுத்த ஓட்டங்கள் அல்ல அவை. பந்தைத் தூக்கி அடித்து எடுத்தவையும் அவற்றுள் உண்டு. சலீம் துரானி அவ்வாட்டத்தில் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 128 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா ஒரு தொடர் வெற்றியைப் பெற்றது அதுவே முதல் முறை. அன்று மகிழ்ந்த சென்னை மக்களுள், சதம் எடுத்தவர் ஒரு கண்ணால் ஆடுகிறார் என்பதை முழுதும் உணர்ந்தோர் எத்தனை பேரோ!

அவ்வெற்றி அணியின் தலைவர்தாம் நாரி கான்ட்ராக்டர், இரண்டாமவர் இவரே. 1934இல் குசராத்தில் பிறந்த இவர், முதல் ஆட்டக்காரராக இறங்கி, புதுப்பந்தின் வேகத்தைத் தாங்கும் இடக்கை மட்டையாளர். 1959இல் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் பந்து தாக்கி விலா எலும்புகள் முறிந்த நிலையிலும், களத்தை விட்டு நீங்காமல் 81 ஓட்டங்கள் எடுத்தவர். ஆதலின் அடிபடுதல் இவருக்குப் புதியதன்று.

சென்னை வெற்றிக்குப் பின் ஒரு மாதத்துக்குள் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயணமாயிற்று. கான்ட்ராக்டர் தலைவர், பட்டோடி துணைத்தலைவர். 1962 மார்ச்சு நடுவில் பார்படோசுத் தீவின் அணியோடு ஆட்டம். சார்லி கிரிஃபித் என்னும் நெடிய வீச்சாளரின் பந்து ஒன்று எழும்பிக் கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. தலைக்கவசம் என்பது கிரிக்கெட்டில் வழங்காத காலம் அது. மண்டையோடு உடைந்தது, மூளையை அழுத்திய குருதிக்கட்டை அகற்ற உடனே அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. குருதி தேவைப்பட்டபோது முன்வந்து கொடுத்தவர், எதிரணியான மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் ஃபிராங்க் வொரெல். இந்திய அணியின் உம்ரிகர், போர்டே, நட்கர்னி ஆகியோரும் கொடுத்தனர். ஆறு நாள் கான்ட்ராக்டர் நினைவின்றிக் கிடந்தார். வொரெல் செய்த அவ்வுதவியை வங்கத்துக் கிரிக்கெட்டுக் கழகத்தார் பின்னாளில் மறவாது போற்றி, பிப்ரவரி 3ஆம் நாளை அவர் பெயரால் குருதிக்கொடை நாளாகக் கொண்டாடி வருகின்றனர்.

தலைவர் மருத்துவமனையில் கிடக்க, அடுத்த டெஸ்டு ஆட்டத்தில் இந்திய அணியை நடத்தும் பொறுப்பு யாருக்கு? இருபத்தொரு வயதும் ஒரு கண்ணும் உடைய பட்டோடிக்கு! டெஸ்டு வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் அதுவரை எவரும் தலைமை ஏற்றதில்லை. ஒருவருக்கு நேர்ந்த இடுக்கண், இடுக்கணிலிருந்து அப்போதுதான் மீண்ட மற்றொருவரைத் தலைமைக்கு உயர்த்தியது. இதனை நற்பேறு என்பதற்கும் மனம் ஒப்பவில்லை.

கான்ட்ராக்டர் தாயகம் திரும்பியபின் தமிழ்நாட்டுக்கு வந்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949இல் தோற்றுவித்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவருடைய மருத்துவத்தில் கான்ட்ராக்டரின் மண்டையோட்டில் எலும்பு இல்லாத இடத்தை மூட உலோகத் தகடு ஒன்று பொருத்தப்பட்டது. தகட்டைத் தலையில் தாங்கியவர் வீட்டில் அமைதியாக இருந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். அவரோ பத்து மாதங்கள் கழிந்தபின் மீண்டும் மட்டை ஏந்தினார். எழும்பி வரும் பந்துக்கு அஞ்சவில்லை. உள்நாட்டு ஆட்டங்களில் பல ஆண்டுகள் ஓட்டங்களைக் குவித்தார். ஆனால் டெஸ்டு அணியில் அவருக்கு மீண்டும் இடம் கிடைக்கவில்லை. முப்பத்தோர் ஆட்டங்களோடு அக்கணக்கு முடிந்தது. அவருடைய உள்ளமும் உடலும் ஆயத்தமாக இருந்தும், கதவு திறக்கவில்லை. பட்டோடியின் வெற்றியைச் சொல்லிக் கான்ட்ராக்டரைச் சொல்லாமல் விடுவோர் பலர். களம் திரும்பும் துணிவில் இவர் அவருக்குக் குறைந்தவர் அல்லர்.

பட்டோடி நாற்பத்தாறு டெஸ்டு ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் நாற்பதில் தலைவராக இருந்தார். 1968இல் நியூசிலாந்தில் பெற்ற வெற்றி, அயல்நாட்டில் இந்தியா பெற்ற முதல் தொடர் வெற்றியாகும். கண்ணை இழக்குமுன் உலகின் தலைசிறந்த மட்டையாளர் ஆகவேண்டும் என்பது அவர் கனவு. இழந்தபின் அக்கனவைக் குறைத்துக்கொண்டார். பயனுள்ள ஆட்டக்காரராக இருத்தல், தந்தையாரினும் பந்தை நன்கு தடுத்துப் பிடித்தல் என்ற இரண்டையும் குறிக்கோளாக்கிக் கொண்டதாகப் பின்னர் அவரே எழுதியுள்ளார். பந்தைத் தடுப்பதில் அவர் காட்டிய விரைவு நாடறிந்தது. 2011 செப்டம்பர் 22ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவருடைய விருப்பப்படியே, எஞ்சியிருந்த நல்ல கண் தானமாக அளிக்கப்பட்டது. கான்ட்ராக்டரின் தலையிலிருந்த தகடு, அறுபது ஆண்டுகளுக்குப் பின், அவர்தம் எண்பத்தெட்டாம் வயதில், 2022இல் மும்பையில் அகற்றப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் வரப்பில் அமர்ந்திருக்கும் அவ்விளைஞனுக்கு வருவோம். அவன் முழங்காலில் அறுந்தது எலும்பு அன்று. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே பிணைத்து நிற்கும் உறுதியான நார். ஆதலால் எக்ஸ்ரே படத்தில் அது தெரிவதில்லை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் கூடுவதில்லை. வீக்கம் வடிந்ததும் நேராக நடக்கவும் முடிகிறது. அதனால் நலம் அடைந்துவிட்டதாக நம்பி, அடுத்த திங்களே சடுகுடு பாடச் சென்று, முழங்காலை முற்றும் கெடுத்துக்கொண்டவர் உண்டு. மருத்துவர் தக்க படம் எடுத்துப் பார்த்து, தேவையாயின் தொடையின் பின்புறத்து நாணைச் சிறிது எடுத்துச் சிறு துளைகளின் வழியே உள்ளே பொருத்துவர். புதிய நார் வேர்கொண்டு உறுதி பெற ஒன்பது மாதங்களேனும் ஆகும். காலை நீட்டுவதும் மடக்குவதும் முதற்பாடம், பிறகு நடை, பிறகு ஓட்டம், ஊன்றிய காலில் உடலைத் திருப்புவது கடைசிப்பாடம்.

ஒன்பது மாதம் என்பது இரண்டு போகக் காலத்துக்குச் சற்று ஏறக்குறைய வரும். மாலைதோறும் தோழர் களம் இறங்க, அவன் வரப்பில் அமர்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டே ஆட்டத்தைப் பார்க்கிறான். முன்பு பாடிச் செல்கையில் எதிரணியின் கைகளையே அவன் நோக்குவது வழக்கம். இப்போது வெளியிலிருந்து பார்க்கையில்தான், பாய்ந்து பிடிக்கப் போகிறவன் எவன் என்பதை அவனுடைய கால்கள் முன்னரே காட்டிவிடுவது தெரிகிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டிருக்கிறான்.