உலோகங்காட்டியின் ஓசை

திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளைக் கண்டு மீளும் மாணவர் பலரும் பின்னற் பொறிகளையும் சாயச் சாலைகளையும் பற்றியே பேசுவர். ஆடைகளைப் பெட்டியிலிடும் அறையருகே நிற்கும் சிறு யந்திரம் ஒன்றைக் கவனிப்போர் சிலரே. தைத்து முடிந்த ஆடைகள் ஓடும் பட்டையொன்றின்மேல் ஏறி அதனூடே செல்கின்றன. ஒரோவொருகால் யந்திரம் கூவி, பட்டை நின்றுவிடும். அவ்வாடையுள் இரும்புத் துண்டு ஏதோ உண்டென்பது அதன் பொருள். ஓவர்லாக் பொறியின் ஊசி தையலிடையே ஒடிந்து, முனை துணி மடிப்புள் மறைந்துவிடின் கண்ணுக்குத் தென்படாது. அவ்வாடை கைக்குழந்தைக்குரியதாயின் விளையும் தீங்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே இத்தகைய கருவிகள் எவ்வாறு பேசுகின்றன, அவற்றின் ஓசையை எம்மட்டும் நம்பலாம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கையிற் பிடித்துத் தரையைத் தடவும் உலோகங்காட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தட்டில் கம்பிச்சுருள்கள் உண்டு. ஒன்றில், வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்சாரம் ஓடுகிறது. அருகில் உலோகம் வரின் அதனுள்ளே சுழல் மின்னோட்டம் பிறக்கும். அவ்வோட்டம் எழுப்பும் காந்தப்புலத்தை மற்றொரு சுருள் உணரும். இவ்விடை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதிலேதான் நுட்பம் உள்ளது. மின்சாரத்தை எளிதிற் கடத்தும் வெள்ளி, செம்பு ஆகியவற்றின் கனத்த துண்டுகளில் பிந்துதல் மிகுதி. மெல்லிய தகடுகளிற் குறைவு. இரும்போ காந்தத்தாற் கவரப்படுவதாகலின் வேறொரு வகையில் விடையிறுக்கும். இவ்வேறுபாடுகளையே கருவி உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலிக்கும் சுருதியாக மாற்றித் தருகிறது.

இக்கருத்து புதியதன்று. ஹ்யூஸ் என்பார் 1879-இல் இவ்வகைச் சுருட்கருவி ஒன்றை அமைத்தார். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்கத் தலைவர் கார்பீல்டின் உடலிற் குண்டு தங்கிய இடத்தை அறிய, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் அத்தகைய கருவியைக் கொணர்ந்து செவிமடுத்தார், குண்டு கிட்டவில்லை. படுக்கையிலிருந்த எஃகுக் கம்பிகள் ஓசையைக் குழப்பின என்பர்.

இசைவாணர் மெலிவு, சமன், வலிவு என மூவகை கூறுவர். பல கருவிகளில் இரும்புக்கு மெலிவும், மெல்லிய அலுமினியத் தகடு, சிறு பொன்மோதிரம் போல்வனவற்றுக்குச் சமனும், வெள்ளி நாணயத்துக்கு வலிவும் அமைத்துள்ளனர். இது கருவி செய்தோர் வகுத்த ஏற்பாடேயாம். பொன்னும் தகடும் ஒரே குரலிற் பேசுவதைக் கண்டு வியப்புற வேண்டா. கருவி அறிவது பொருளின் நடத்தையை, அதன் பெயரையன்று.

நம் ரூபாய் நாணயமே இதற்குத் தக்க சான்று. 1939-ஆம் ஆண்டின் ரூபாயில் 12-இல் 11 பங்கு வெள்ளி. அது தெளிந்த வலிவில் ஒலிக்கும். 1947-இல் வந்தது நிக்கல் ரூபாய். 1992 முதல் வந்ததோ காந்தம் பற்றும் துருவேறா எஃகு. பின்னைய இரண்டும் அவ்வெள்ளிக் குரலைத் தாரா. பழகுவோர் இம்மூன்றையும் மேசைமேலிட்டு, கண்ணை மூடிச் செவியாலேயே பிரித்தறிய முயல்க.

ஏமாற்றுவனவும் உள. துருவேறிய தட்டையான இரும்பு வளையமும் புட்டி மூடியும் சிற்சில வேளை வெள்ளியைப் போல உயர்ந்து ஒலிக்கும். அப்போது பொருளின்மேல் நெடுக்கும் குறுக்குமாகச் சுருளை நடத்திப் பார்க்க. நாணயம் இருபுறமும் ஒரே சீராக ஒலிக்கும். ஆணியின் குரல் ஒருபுறம் உடைந்து கரகரக்கும். நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழ்வுகள் பண்டை இரும்புத் தொழிலைக் காட்டின. அத்தகைய நிலத்தில் இரும்புக் கசடின் ஓசையே கருவியை நிறைக்கும். அங்கே இவ்விளையாட்டு ஆகாதென்பது வேறு செய்தி. புதையல் கிடைப்பின் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878-இன் சட்டம்.

இனித் திருப்பூர் யந்திரத்துக்கு மீள்வோம். இதற்குச் சுருதி பேதமில்லை. காந்தம் பற்றும் பொருள் உண்டா என்னும் ஒரே வினாவையே இது கேட்கிறது. பித்தளை ஜிப்பும் அலுமினியப் பட்டனும் பேசாது கடந்துவிடும். இரும்புப் பட்டனாயின் ஒவ்வோர் ஆடையும் கூவும், ஊசியின் குரல் அக்கூச்சலில் மறையும். ஆதலின் பட்டனையும் ஜிப்பையும் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இச்சோதனையை நினைக்க வேண்டும். ஜப்பானில் 1995-இல் பொருட்குறைக்குச் செய்தோரே பொறுப்பென்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்நாட்டார் இதில் மிகக் கண்டிப்புடையர்.

யந்திரத்தின் மௌனமும் ஆராயத்தக்கதே. ஊசித்துண்டு கிடக்கும் திசைக்கேற்ப அதன் விடை வலுத்தும் மெலிந்தும் வரும். ஆகவே ஆடையைத் திருப்பி மறுமுறையும் செலுத்துதல் நன்று. 1.0 அல்லது 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த அட்டையைப் பட்டையின் இடம், நடு, வலம் ஆகிய மூன்றிலும், கீழ், இடை, மேல் என மூன்று உயரத்திலுமாக 9 முறை செலுத்திச் சோதிப்பர். ஓரிடத்தில் அது கூவாதுவிடின், முந்தைய சோதனைக்குப்பின் சென்ற ஆடை யாவும் மீண்டும் ஏறவேண்டியவையே.

ஒழுங்குள்ள தொழிற்சாலைகளில் ஊசி ஒடிந்தால் தையற்காரர் துண்டுகளனைத்தையும் பொறுக்கிக் கொடுத்தன்றிப் புது ஊசி பெறுதல் இயலாது. அத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, முழு ஊசியாயிற்றா எனப் பார்த்து, பதிவேட்டில் ஒட்டிவைப்பர். ஒரு சிறு முனை குறைந்தாலும் அப்பொறியைச் சுற்றியிருந்த துணியெல்லாம் தனியே எடுத்து வைக்கப்படும்.