வேலிக்காத்தானும் நாமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

ஓரிடத்துக்கு உரிய உயிரினம் மனிதனால் வேறிடம் சென்று, அங்குள்ள உயிர்களை நெருக்கித் தான் பெருகுமாயின், அதனை ஊடுருவும் அயல் இனம் என்பர். இவை தாமாக வந்தனவல்ல. நாம் அழைத்து வந்தவை. நம் கண்முன் நிற்கும் சான்று சீமைக் கருவேல மரம்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் விதைகள், 1877ஆம் ஆண்டளவில் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதிக்கு வந்தன. வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களிலும் விதை தூவினர். வேலியாக வைத்ததால் ‘வேலிக்காத்தான்’ என்றும் பெயர் பெற்றது.

இது பரவும் வகையைக் காண்போம். இலையைக் கால்நடைகள் விரும்புவதில்லை. இனிப்பான நெற்றையோ விரும்பித் தின்னும். கடினத் தோலுடைய விதை செரிக்காமல் சாணத்துடனும் புழுக்கையுடனும் விழுந்து முளைக்கிறது. ஆடு செல்லும் இடமெல்லாம் மரமும் செல்கிறது. தூர்வாராத கண்மாயும் தரிசு நிலமும் அதற்கு இடம் தருகின்றன. தரைக்கு மேல் வெட்டினாலோ அடிக்கட்டை பல கிளைகளாகத் துளிர்க்கிறது.

மனிதனின் செயல் பரப்புவதோடு நிற்பதில்லை, பரிணாமத்தையும் தூண்டுகிறது. 1935இல் கரும்பு வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தேரைகள், வண்டுகளை ஒழிக்கவில்லை, தாம் பரவின. பரவலின் முன்வரிசையில் உள்ள தேரைகளுக்குக் கால்கள் நீண்டிருப்பதை 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். விரைந்து செல்பவை முன்வரிசையில் ஒன்றுசேர்ந்து இனம் பெருக்குவதால் தலைமுறைதோறும் வேகம் கூடுகிறது. ஆகவே, நாம் காலம் தாழ்த்தினால் எதிர்கொள்வது பழைய உயிரினமாகவே இருக்கும் என்பதில்லை.

அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்கும் கொள்கையை 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒன்று கூற விரும்புகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவன் நான். என் பெற்றோர் கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள். என் படிப்புச் செலவு அக்கரியிலிருந்தே வருகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் உலை ஏறியதும் இம்மரத்தால்தான்.

எனவே, வேரோடு தோண்டும் வேலையைக் கரித் தொழிலாளர்க்கே உரிய கூலியுடன் தரவேண்டும். தோண்டிய இடத்தில் பனை, உடை போன்ற இம்மண்ணுக்குரிய மரங்களை நட்டு, அவற்றைப் பேணும் பணியையும் அவர்களிடமே ஒப்படைக்கலாம். விதைத்தபோது விளைவை எண்ணவில்லை, அகற்றும்போதாவது எண்ணுவோமாக.