இரண்டாவது வரிசை

கூத்துப்பட்டறை நாடகத்தை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நடிகர் கை நீட்டினால் தொடும் தூரம். அவர் முகத்தை மட்டுமே பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். பாதி நாடகம் கால்களில் நடந்திருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய குழு அது. புரிசை கண்ணப்ப தம்பிரானின் தெருக்கூத்தில் மனதைப் பறிகொடுத்தவர் அவர். தம் நடிகர்களுக்கும் கூத்துப் பயிற்சி கொடுத்தார். விடிய விடிய ஊர்ப் பொட்டலில் ஆடுவதற்கான அடவும், கடைசி ஆள் காதுவரை போய்ச் சேர வேண்டிய குரலும் ஒரு சின்ன அறைக்குள் வந்தால் எப்படியிருக்கும்? தரை அதிர்வது நம் முதுகுத்தண்டில் ஏறும். அடுத்த சொல்லுக்கு முன் நடிகர் இழுக்கும் மூச்சு கேட்கும். ஒலிபெருக்கி வைத்த சபா அரங்கில் எனக்கு இது கிடைத்ததே இல்லை.

ஆனால் முன்வரிசையில் கால்களைத் தவறவிட்டேனே, அதனால் இப்போதெல்லாம் இரண்டாவது வரிசையில், ஓரமாக உட்காருகிறேன். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை முழு உடம்பும் தெரிகிற இடம் அது. அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். இத்தகைய இடங்களில் தாமதமாக வருபவர் பல நேரம் நாடகத்துக்குள்ளேயே நடந்துதான் இருக்கைக்குப் போக வேண்டியிருக்கும். போனை அடியோடு அணைத்துவிடுங்கள். தரையில் வைத்த ஒரு போன் அதிர்ந்து, ஒரு நடிகை அரும்பாடுபட்டுக் கட்டிய மௌனம் கலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கண்கள் ஒரு நொடி தடுமாறின. இன்றும் அது வலிக்கிறது.

கதையைத் துரத்த வேண்டாம். முத்துசாமியின் நாடகங்களில் அன்றாடப் பேச்சே சுற்றிச் சுற்றி வந்து வேறொன்றாகிவிடும். நான் பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்க்கப் பழகினேன். பெரிய அரங்கில் அவர் வெறும் உருவம். இங்கே அவர் தொண்டை அசைவதுகூடத் தெரியும்.

முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்று பொதுவாகச் சொல்வதைவிட, கண்ணில் பட்ட ஒன்றைக் கேளுங்கள். ஒருமுறை, நடித்து முடித்த ஓர் இளைஞரிடம் கேட்டேன்: "அவர் திட்டும்போது வலது கால் பெருவிரலை அழுத்தி ஊன்றுனீங்களே, ஏன் தம்பி?"

வியர்வையைத் துடைத்தபடி சற்று யோசித்தார். "நீங்க சொல்லித்தான் சார் தெரியுது. நாளைக்கும் ஊன்றுறேனான்னு வந்து பாருங்களேன்."

மறுநாளும் போனேன். ஊன்றவில்லை. இரண்டு குதிகாலையும் மெல்லத் தூக்கியபடி நின்றார்.