வாங்கி வந்த காவல் நாய் சீறினால்

நத்தம் வட்டாரத்து மாந்தோப்புகளில், காய்ப்புக் காலக் காவலுக்கென வளர்ந்த நாயைப் பிறரிடமிருந்து வாங்கி வருவோர் உண்டு. குட்டி வளர்ந்து காவலுக்கு உதவ ஓராண்டாவது ஆகும் என்பதே காரணம். இவ்வாறு வந்த நாய், முதல் வாரத்திலேயே வீட்டுப் பிள்ளைகள் மீது பாயக்கூடும். காய் பறிக்க வரும் ஆட்களைக் கடிக்கவும் கூடும். அதனை அடிப்பதோ, தொலைவில் கொண்டுபோய் விட்டுவருவதோ தீர்வாகாது. விடப்பட்ட நாய் அடுத்த ஊரில் கடிக்கும்.

இத்தகைய நாய் பெரும்பாலும் அச்சத்தினாலேயே கடிக்கிறது. பழகிய ஆள், இடம், ஓசை யாவும் அதற்கு ஒரே நாளில் மாறிவிடுகின்றன. இராசபாளையம், கோம்பை போன்ற நாட்டு இனங்கள் வளர்த்தவரையே பற்றி நிற்பவை; அன்னியரை எளிதில் ஏற்பதில்லை.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காதுப் புண், பல்வலி, உண்ணிக்கடி ஆகியவை உள்ள நாய் தொட்டாலே கடிக்கும். ஆண்மை நீக்கம் செய்தால் ஊர் சுற்றுவதும் பிற நாய்களுடன் சண்டையிடுவதும் குறையக்கூடும்; அச்சத்தினால் கடிப்பது அதனால் மாறும் என நம்ப வேண்டாம்.

பகலில் ஆளே காணாமல் கட்டிவைத்தால்தான் இரவில் நன்கு காக்கும் என்ற எண்ணம் தவறானது. குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு விலகி ஓட வழியில்லை; கடிப்பது ஒன்றே அதற்குத் தெரியும். இரு மரங்களுக்கிடையே கம்பி கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டலாம். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருத்தல் அவசியம்.

முதல் இரு வாரங்கள் ஒருவரே தீனி வைப்பது நலம். தின்னும்போது தட்டைப் பிடுங்குதல் கூடாது. அருகில் செல்ல நேர்ந்தால், எட்ட நின்றே ஒரு துண்டு கருவாட்டை எறியலாம். புதியவர்களைப் பழக்குவதும் இம்முறையிலேதான். நாய் பார்த்தும் உறுமாத தொலைவில் ஆளை நிறுத்தி, தீனி கொடுத்து, நாளுக்கு நாள் சிறிது நெருங்கி வரச் செய்க. உறுமினால் பின்வாங்குக. இதற்குச் சில மாதங்களும் ஆகலாம். உறுமலுக்காக அடிப்பது பெருந்தவறு. உறுமல் எச்சரிக்கை, அடிபட்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். பறிப்பு நாட்களில் நாயை வேலியடைப்பினுள் வைப்பதே சரி.

கடித்துவிட்டால், வளர்ப்பு நாய்தானே என அசட்டையாக இருத்தல் ஆகாது. வெறிநோய் கண்டபின் பிழைப்பது மிக அரிது. காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்க. முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் தோலில் ஊசி போடுவர். இரத்தம் கசிந்த காயமாயின், காயத்திலேயே போடும் மருந்தும் தேவைப்படும். நாயைக் கொல்லாமல் 10 நாட்கள் கட்டிவைத்துக் கவனித்தல் வேண்டும். அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

வளர்ந்த நாயை வாங்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்க வேண்டும். அட்டை இல்லையேல், கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டு, ஆண்டுதோறும் தொடர்க. தவழும் குழந்தை உள்ள வீட்டில், முன்பே ஆளைக் கடித்த நாயை வாங்காதிருப்பதே உத்தமம்.