மொழி வாழும் ஊரில் மொழி கற்றல் : இத்தாலியமும் தமிழும்

மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் (30:22) சுட்டுகிறது. ஆதலின் பிறமொழி கற்றல் பிழைப்புக்கு வழிதேடுவதோடு நின்றுவிடுவதில்லை. படைப்பின் விரிவை அறியும் வழியும் அதுவேயாகும். இத்தாலிய மொழியை அது வாழும் பழம்பெரு நகரங்களில் எவ்வாறு கற்பிக்கின்றனர் என்பதையும், இத்தாலியர் இருவர் நம் தமிழை நம் மண்ணில் எவ்வாறு கற்றனர் என்பதையும் ஒப்புநோக்கி, நம் மாணவர் பெறத்தக்க பயனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரமே பள்ளி

இத்தாலியைக் கற்க வரும் அயலார்க்கெனப் பாடம் நடத்தும் மரபு அந்நாட்டில் மிகப் பழையது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சியனா நகரில் செருமானிய மாணவர்க்காகத் தொஸ்கானிய மொழிக்கென ஓர் ஆசிரியப் பதவி ஏற்படுத்தப்பெற்றது. பெருஜியா நகரில் 1921-இல் அயலார்க்கான பாடங்கள் தொடங்கின. 1925-இல் அவ்வமைப்பு 'அயலார் பல்கலைக்கழகம்' என்னும் நிலையை எய்தியது. 18-ஆம் நூற்றாண்டின் கல்லெங்கா மாளிகையில் அது இயங்குகிறது. அதன் எதிரே நிற்கும் எத்ருஸ்கர் காலக் கல் வளைவு கிறிஸ்து பிறப்பதற்கு முன் 3-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. வகுப்பில் இலக்கணம் கற்ற மாணவன் வெளியே வந்ததும் கடைத்தெருவிலும் சந்தையிலும் அதனைப் பயன்படுத்தியாக வேண்டும். இவ்வாறு நகரமும் அவனுக்கு ஆசிரியனாகிறது.

அயலார் மட்டுமல்லர், இத்தாலியரே இவ்வாறு கற்றதுண்டு. மிலான் நகரில் பிறந்த நாவலாசிரியர் மன்சோனி தம் பெருநாவலை 1827-இல் வெளியிட்டார். அவ்வாண்டே புளோரன்ஸ் சென்று தங்கி, அந்நகர மக்களின் பேச்சைக் கேட்டறிந்தார். பின்னர் நாவல் முழுவதையும் அம்மொழிநடைக்கேற்பத் திருத்தி, 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டார். புகழ்பெற்ற பின்னரும் மாணவராய் அமர அவர் தயங்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

தமிழ் மாணவர்க்கு எளியனவும் அரியனவும்

இத்தாலியம் தமிழ் மாணவனுக்கு எட்டாத மொழியன்று. 'பேசுகிறேன்' என்னும் வினைமுற்றே பேசுபவன் யார் என்பதைக் காட்டிவிடுவதுபோல, 'பார்லோ' என்னும் ஒரு சொல்லே இத்தாலியத்தில் அப்பொருளைத் தரும்; 'நான்' எனத் தனியே கூறவேண்டுவதில்லை. பலி, பல்லி என்பனவற்றை ஒற்றிரட்டி வேறுபடுத்துவதுபோல, அவர்கள் 'நோனோ' என்றால் ஒன்பதாவது. 'நொன்னோ' என்றால் பாட்டனார். ஒற்றிரட்டலைச் செவி பிரித்தறிவது நமக்குப் பிறவியிலேயே வாய்த்த பயிற்சியாகும். நாம் நீ, நீங்கள் என வேறுபடுத்துவதுபோல அவர்களும் 'தூ', 'லேய்' என மதிப்பறிந்து விளிப்பர்.

அரியனவும் உள. உயிரற்ற பொருள்களைத் தமிழ் அஃறிணையுள் அடக்கிவிடுகிறது. இத்தாலியத்திலோ 'லீப்ரோ' என்னும் நூல் ஆண்பால். 'காஸா' என்னும் வீடு பெண்பால். செயப்படுபொருளுக்குப் பின் வினை வருவது நம் வழக்கு. அவர்தம் வழக்கில் வினையே முந்தி நிற்கும். இவற்றை விதியாக மனப்பாடம் செய்வதினும் தொடர்களாகக் கேட்டுப் பழகுவதே நன்று.

அரபுச் சொற்களின் தடம்

சிசிலித் தீவு 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. ஆட்சி மாறிய பின்னரும், மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அல்இத்ரீசி 1154-இல் தம் நிலநூலை அரபு மொழியில் நிறைவு செய்தார். இத்தொடர்பும் கடல்வாணிகமும் இத்தாலியத்தில் பல அரபுச் சொற்களை விட்டுச் சென்றன. சுக்கர் 'த்ஸுக்கெரோ' ஆயிற்று. பருத்தியைக் குறிக்கும் குத்ன் 'கொத்தோனே' ஆயிற்று. நாம் அமைச்சரைத் திவான் என்று வழங்கினோம்; அச்சொல்லே அங்கே 'தொகானா' எனத் திரிந்து சுங்கச்சாவடியைக் குறித்தது. 'ஸிஃப்ர்' என்னும் சொல் இத்தாலியத்தில் 'த்ஸேரோ' ஆகி உலகெங்கும் பரவியது. நம் பேச்சில் வழங்கும் 'சைபர்' என்பதும் அதன் வழித்தோன்றலே. அரபு ஓதப் பழகிய பிள்ளைகள் இத்தாலிய அகராதியில் உறவினரைக் காண்பர்.

தமிழ் கற்ற இத்தாலியர்

1577-இல் உரோமையில் பிறந்த இராபர்ட் தெ நொபிலி, 1606-இல் மதுரைக்கு வந்தார். சங்கம் வளர்த்த நகரில் தங்கித் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றுத் தமிழ் உரைநடையில் நூல்கள் பல யாத்தார்.  ஆசிரியரும் ஊரும் அவர்க்குத் துணை.

வீரமாமுனிவர் என நாம் போற்றும் கொன்ஸ்தான்சோ பெஸ்கி, 1680-இல் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். தமிழகத்துக்கு அவர் வந்தபோது வயது முப்பதை ஒட்டியிருந்தது. அவ்வயதில் தொடங்கியவர் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். செய்யுளாய் இருந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்தோரே சொற்பொருள் அறிந்த காலத்தில், அகரவரிசையில் தேடிக் காணும் சதுரகராதியை 1732-இல் ஆக்கித் தந்தார். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்று நாம் காணும் வரிவடிவ வேறுபாட்டை அமைத்தவரும் அவரே. அரபு எழுத்துகளுக்குப் புள்ளியிட்டுத் தமிழொலிகளை எழுதிய நம் முன்னோரின் அரபுத்தமிழ் முயற்சியும் இத்தகையதே. எழுத்து மொழிக்கு ஏவல் செய்ய வேண்டும் என்பதை இருசாராரும் உணர்ந்திருந்தனர்.

1736-இல் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய சந்தா சாகிபைக் காண்பதற்காக, முனிவர் பாரசீகமும் உருதும் குறுகிய காலத்தில் கற்றார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். ஒருவரைக் காணப் போகுமுன் அவர் மொழியைக் கற்றுச் செல்வது அவர்க்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.

பேச்சும் ஏடும்

முனிவரின் தொண்டுகளுள் நாம் அதிகம் பேசாத ஒன்றுண்டு. செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். பின்னது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பேச்சுமொழிக்கும் இலக்கணம் உண்டு என்று அவர் கண்டதற்கு அவர் பிறந்த நாடும் ஒரு காரணமாகலாம். அங்கே ஊருக்கொரு பேச்சு, இலத்தீனோ ஏட்டுமொழி. மக்கள் மொழியின் பெருமையைத் தாந்தே 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைநாட்டினார். ஆயினும் 1861-இல் இத்தாலி ஒருநாடானபோது, மக்களுள் நூற்றுக்கு இரண்டரைப் பேரே பொதுமொழி பேசவல்லவர் என மொழியறிஞர் தெ மௌரோ கணக்கிட்டார். ஏனையோர் வட்டார மொழி பேசியோர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியிலே பொதுமொழி கற்றனர்.

இச்செய்தி நமக்கு மிக அண்மையது. கள்ளக்குறிச்சியின் கருணாபுரம் போன்ற பகுதிகளிலிருந்தும் கல்வராயன் மலையூர்களிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் மாணவர் வகுப்பில் வாய்திறக்க அஞ்சுவதை நாம் காண்கிறோம். தம் வீட்டுப் பேச்சைப் பிறர் நகைப்பர் என்பதே அவ்வச்சத்தின் வேர். நகைக்கப்பட்ட மாணவன் தமிழ் வகுப்பிலேயே ஊமையாகிறான். பின் ஆங்கிலமோ இத்தாலியமோ அவனுக்கு எங்ஙனம் கைகூடும்? அயல்நாட்டவர் ஒருவர் இலக்கணம் வகுக்கத் தக்கதெனக் கண்ட பேச்சுத் தமிழை நம்மவரே இகழ்தல் முறையோ? வீட்டுப் பேச்சை மதித்து, அதன் மேல் செந்தமிழைக் கட்டுவதே ஆசிரியர் கடன். அவ்வடித்தளம் உறுதியாயின் மூன்றாம் மொழியும் நான்காம் மொழியும் தாமே ஏறும்.

முடிவுரை

அயல்மொழி கற்க விழையும் மாணவர் மூன்றினைக் கைக்கொள்க. ஒன்று, நாள்தோறும் செவியால் கேட்டல். இரண்டு, பிழை வருமென்று அஞ்சாது பேசுதல். மூன்று, தாய்மொழியின் அமைப்போடு ஒப்பிட்டு ஆராய்தல். பெருஜியா செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. ஆயின் மொழி பேசும் மனிதர் ஒருவர் கிட்டினும் அவரே நமக்கு ஒரு நகரம். ஊர்ப் பெரியோர் நூலகத்துக்கு நல்ல அகராதிகளையும் மொழிநூல்களையும் வழங்கி உதவின், இம்மலையடிவாரத்திலிருந்தும் பன்மொழிப் புலவர் தோன்றுவர். கடல்கடந்து வந்து முப்பது வயதில் நம் மொழியைக் கற்று, நமக்கே அகராதி தந்தார் ஒருவர். பதினெட்டு வயதில் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்குக் காலம் நிரம்ப உண்டு. எல்லாம் வல்ல இறைவன் அவர்தம் நாவுக்கு வலிமை அருள்வானாக.