பெண் செடி தந்த மகரந்தம்

பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில், வீட்டுக் கொல்லையிலோ கிணற்றடியிலோ, காய் பிடிக்காமல் நீண்ட காம்புகளில் பூவை மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு நிற்கும் பப்பாளியைக் கண்டுவிட்டால், அதன் அடிமரத்தில் இரும்பாணி ஒன்றை அடித்தால் ஆண் மரம் பெண்ணாகிக் காய்க்கும் என்று யோசனை சொல்ல எவரேனும் ஒரு பெரியவர் வந்தே தீர்வார். அவர் பொய் சொல்லவில்லை; ஆணி அறைந்த மரம் காய்த்ததைத் தம் கண்ணாலேயே கண்டிருப்பார். ஆனால் ஆண் பப்பாளி, வெயிலும் பருவமும் மாறுவதற்கேற்ப, யாரும் தீண்டாமலேயே சில சமயம் அந்த நீண்ட காம்புகளின் நுனியில் சிறு காய்களைப் பிடிக்கும் சுபாவமுடையது. மரம் தானாகச் செய்த காரியத்தின் புகழ் ஆணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆணியால் நிச்சயமாக விளைவது ஒன்றுதான்: மிருதுவான தண்டில் ஒரு புண், அதன் வழியே அழுகல்.

விதையின் நிறத்தையும் நாற்றின் வேரையும் பார்த்தே ஆண் பெண் சொல்லிவிடலாம் என்பதும் இவ்வகை நம்பிக்கையே. பூ வருமுன் வெறுங்கண்ணால் அதை அறிய வழியில்லை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.2, கோ.8 போன்ற ரகங்களில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே பிறப்பதால், பூத்த பின்னரே, ஏறத்தாழ இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் வீதம் வைத்துக்கொண்டு மற்ற ஆண் மரங்களைக் களைய வேண்டும். கோ.3, கோ.7 ஆகியவற்றில் ஆண் மரமே கிடையாது. பெண்ணும் இருபாலும் மட்டுமே உண்டு.

இவ்வளவு சொன்னதைக் கொண்டு, செடியின் பால் இயற்கையால் முடிவாகிவிட்டது, அதை எவராலும் அசைக்க முடியாது என்று எண்ணிவிடுவது முன்னதற்கு நேர் எதிரான பிழையாகும். இப்பிழையைத் திருத்திய பரிசோதனைகளில் முக்கியமான சில நம் தேசத்திலேயே, டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில், கஞ்சாச் செடியின் மீது நடந்தவை.

கஞ்சாவில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனிச் செடிகள். ஆண் மெலிந்து உயர்ந்து, மகரந்தத்தைக் காற்றில் தூவிவிட்டு வாடும்; பெண், விதை முற்றும்வரை தழைத்து நிற்கும். இந்த வலுவைக் கண்டு மயங்கிய பழைய ஐரோப்பிய மூலிகை நூலார், விதை தரும் செடியையே ஆண் என்று தலைகீழாக எழுதி வைத்தனர். வங்காளத்தில் அரசாங்க உரிமத்தின் பேரில் இப்பயிர் விளைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, வயல்தோறும் நடந்து ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதையே ஜீவனமாகக் கொண்ட தேர்ந்த கைகள் இருந்தன. நூல் படித்தோர் தவறிய இடத்தில் வயலில் நடந்தோர் தவறவில்லை என்பதை நான் மிகுந்த மரியாதையுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

டெல்லித் துறையின் பேராசிரியர் மோகன்ராமும் ஜெய்ஸ்வாலும் 1970இல், எத்திலீன் வாயுவை வெளியிடும் மருந்தாகிய எத்ரலை ஆண் செடிக்கு இட்டு அதில் பெண் பூக்களைத் தோற்றுவித்தனர். 1972இல் வளர்ச்சி ஊக்கியாகிய ஜிப்பெரலினைப் பெண் செடிக்கு இட்டு ஆண் பூக்களைக் கண்டனர். 1982இல் மோகன்ராமும் செட் என்பவரும், எத்திலீனின் செயலைத் தடுக்கும் வெள்ளி உப்புகளைப் பெண் செடியின் நுனியில் இட, அதன்பின் துளிர்த்த பக்கக் கிளைகளில் ஆண் பூக்கள் மலர்ந்தன. சூல்முடியும் மகரந்தப் பையும் அரைகுறையாகக் கலந்த பூக்களும் அவற்றிடையே இருந்தன. முழுமையாக மாறிய பூக்களின் மகரந்தமோ சூல்முடியில் முளைத்து விதையையும் பிடிக்கச் செய்தது.

ஆகவே செடி முழுவதும் ஆணாகிவிடுகிறது என்பது சரியன்று. மருந்துக்குப்பின் பிறக்கும் பூவே மாறுகிறது, செடியின் பிறவிக் குணம் மாறுவதில்லை. மரபணுவைத் திருத்திவிட்டார்கள் என்ற அச்சத்துக்கும் இதில் இடமில்லை. பெண் செடியின் உயிரணுக்களில் இருப்பவை இரண்டு எக்ஸ் நிறப்புரிகள் (குரோமோசோம்கள்). அது தரும் மகரந்தத்திலும் எக்ஸ் தவிர வேறில்லை. ஆணுக்குரிய ஒய் நிறப்புரி எங்கும் சேராதபோது சந்ததி முழுவதும் பெண்ணாகவே பிறக்க வேண்டியதாகிறது. ஆயினும் நூற்றுக்கு நூறு பெண் பூவே வரும் என்று உறுதி சொல்லும் வியாபாரியை நம்ப வேண்டாம். நிறப்புரியால் பெண்ணாகிய செடியும் கடும் வாட்டத்தில் ஓரிரு ஆண் பூக்களை விடக்கூடும். ஒரே செடியின் மகரந்தம் அதன்மீதே விழுந்து பிறந்த விதைகள் தாயின் அச்சாக இருக்கும் என்பதும் தவறு. தாயினிடம் மறைந்து கிடந்த குறைகள் அவற்றில் வெளிப்படும். அதனாலேயே விதை விருத்தி செய்வோர் ஒரு மரபுவழியின் மகரந்தத்தை வேறொரு மரபுவழியின் பெண் பூவுக்குச் சேர்க்கின்றனர்.

கஞ்சாவின் இலையும் விதையும் சட்டத்தின் விளக்கத்தில் சேராதவை என்று கேள்விப்பட்டு, கொல்லையில் ஒரு செடி வளர்த்தால் குற்றமில்லை என்று நம் பகுதி இளைஞர் சிலர் நினைக்கின்றனர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி எந்தக் கஞ்சாச் செடியையும் அனுமதியின்றிப் பயிரிடுவதே குற்றம். பத்தாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. நாருக்கும் விதைக்கும் அரசாங்கமே அனுமதி தரும் ஏற்பாடு வேறு.

பூவின் பாலை மாற்றும் இவ்வித்தை நம் விவசாயிக்குப் பயன்படும் இடம் வெள்ளரியும் பாகலும். பெண் பூவே பூக்கும் வெள்ளரி மரபுவழிகள் வீரிய ஒட்டு விதைக்கு மிகவும் உகந்தவை. ஆனால் ஆண் பூ இல்லாத வழியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்வது எங்ஙனம்? ஜிப்பெரலினோ வெள்ளி உப்போ இட்டுச் சில ஆண் பூக்களை வரவழைத்தே அவ்வழிகளின் விதையைப் பெருக்குகின்றனர். இதற்கு மறுபுறமான காரியத்தைப் பந்தல் போட்ட எவரும் செய்யலாம். பாகல் கொடியில் முதலில் மலர்ந்து உதிர்வன யாவும் ஆண் பூக்களே. பூவின் கீழ்ப்புறம் குட்டிக் காய்போன்ற புடைப்பு இல்லாததைக் கொண்டு அதை அறியலாம். அது நோயன்று, கொடியின் முறை. பெண் பூ மிகுதியாக வேண்டுவோருக்குக் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகம் சொல்வது, பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவில் எத்ரலை, விதைத்த 15ஆம் நாள் தொடங்கி வாரம் ஒரு முறையாக நான்கு முறை தெளிப்பது. பூசணிக்கு அளவு வேறு. மிகுந்தால் கொடி குன்றும். ஆதலால் கடைக்காரர் கைக்கணக்கில் ஊற்றித் தருவதை வாங்காமல், திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் உங்கள் பயிரின் பெயரைச் சொல்லி அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகே தெளிப்பானைத் தோளில் மாட்டுங்கள்.